மொழியிழப்பும் மூவகை விடையும்

முன்னுரை

மொழியாராய்ச்சி பெரும்பாலும் மொழியுடையாரைக் கொண்டே நடைபெற்று வருகின்றது. எழுத்துப் பிறக்குமாறும் சொல் அமையுமாறும் தொடர் பொருள் தருமாறும் ஆராய்வார், நன்கு பேசுவாரின் பேச்சையும் நல்லாசிரியரின் நூல்களையும் சான்றாகக் கொள்வர். அம்முறை பொருத்தமானதே. ஆயினும், இளமையில் முறையாகப் பெற்ற மொழியை இடைவயதிலோ முதுமையிலோ ஒரே நாளில் இழந்துவிட்டவரும் உலகில் உளர். அவர்தம் நிலை மருத்துவர் மட்டுமே கருதுதற்குரியது என்று மொழியாராய்ச்சியாளர் ஒதுங்கியிருத்தல் கூடாது.

மூளையின் ஒரு பகுதிக்குச் செல்லும் குருதி தடைப்பட்டாலும், மூளைக் குருதிக்குழாய் வெடித்தாலும், தலையில் காயமோ மூளையில் கட்டியோ ஏற்பட்டாலும் மொழியாற்றல் குறைபடுகின்றது. பக்கவாதமுற்றாருள் ஏறத்தாழ மூன்றில் ஒருவர்க்கு இக்குறை நேர்கின்றது என்பர். இதனை மேனாட்டு மருத்துவர் அஃபேசியா என வழங்குவர். இக்குறையுற்றார் பேச முயல்வர், சொல் வாராது. அல்லது சொல் வரும். கருதிய சொல்லாக வாராது. பலர்க்குப் படித்தலும் எழுதுதலும் கூடவே குறையும். பிறர் கூற்றை உணர்தலும் சிலர்க்குத் தளரும்.

இவர்க்கு நேரும் துன்பங்களுள் கொடியது, சொல்லை இழந்தார் அறிவையும் இழந்தார் என்று உலகம் கருதிவிடுவதே. வீட்டில் முடிவெடுத்தவர் அவரே; இன்று அவர் அருகிருக்க, அவரைக் கேளாமலே முடிவுகள் எடுக்கப்படுகின்றன. மருத்துவரும் நோயாளியை நோக்காது உடன்வந்தாரை நோக்கி வினவுகின்றார். விற்றலும் வாங்கலும், அறுவை மருத்துவத்திற்கு இசைதலும் மறுத்தலும், மக்களின் திருமணமும் அவர் அறியாதவைபோல் நடந்துவிடுகின்றன. இந்நிலையை மாற்றுதற்கு அயலாரும் அறநிலையங்களும் மேற்கொண்ட முயற்சி எத்தகையது என்பதையும், அம்முயற்சியின் உள்ளீடாக அமைந்த வினா விடை முறை நம் இலக்கண நூலார் வகுத்த பாகுபாட்டோடு எவ்வாறு இயைகின்றது என்பதையும் விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெயர் பற்றிய ஒரு கருத்து

பாரிசு நகர அறிஞர் பால் புரோக்கா 1861-இல் இக்குறைக்கு அஃபெமி என்று பெயரிட்டார். 1864-இல் துரூசோ என்னும் மருத்துவர் அப்பெயரை மறுத்து அஃபாசி என்னும் சொல்லைப் புகுத்தினார்; பின்னதே நிலைத்தது. அதன் கிரேக்க மூலம் பேச்சின்மை என்னும் பொருளது.

தமிழில் இதனைப் பேச்சிழப்பு எனப் பலரும் குறிக்கின்றனர். அச்சொல் முற்றும் பொருந்துமா என்பது ஆராயத்தக்கது. நாவும் உதடும் தளர்ந்து ஒலி குழறுவதும் பேச்சுக் குறையே. ஆனால், அவ்வாறு குழறுவார் எழுதிக்காட்ட வல்லவர். அஃபேசியா உற்றார்க்கோ எழுதுகோல் எடுத்தாலும் அவ்விடர் தொடர்கின்றது. மேலும், இவருள் ஒரு சாரார் தங்கு தடையின்றிப் பேசுவர். அப்பேச்சில் பொருள் தொடர்பே இராது. எனவே, குறை நாவினிடத்தன்று. சொல்லைத் தேர்தலும் தொடுத்தலும் உணர்தலும் ஆகிய மொழியினிடத்ததே. ஆதலின், இக்கட்டுரையில் மொழியிழப்பு என்னும் சொல்லே ஆளப்படுகின்றது. இழப்பு என்பது முற்றிழப்பைக் குறிப்பதன்று. பலரிடத்துச் சிறிதும் பெரிதுமாக மொழி எஞ்சியே நிற்கும் என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

பாரிசில் கேட்கப்பட்ட வினா

இத்துறையின் தோற்றுவாயாக அமைந்த நிகழ்ச்சி ஒன்றை ஈண்டுச் சிறிது விரித்துக் கூறுதல் வேண்டும். பாரிசை அடுத்த பிசேத்திர் மருத்துவமனையில் லெபோர்ன் என்பார் ஒருவர் 21 ஆண்டுகள் தங்கியிருந்தார். அவர் வாயில் 'தான்' என்னும் ஓரொலியே வந்தது; அதனையே இருமுறை அடுக்கிச் சொல்வார். அதனால் அவர்க்கு அதுவே பெயராயிற்று. 1861 ஏப்பிரல் 11-இல் காலில் தசையழுகல் நோயோடு அவர் புரோக்காவின் அறுவை மருத்துவப் பகுதிக்குக் கொண்டுவரப்பட்டார். ஏப்பிரல் 17-இல் இறந்தார். மறுநாளே புரோக்கா அவர்தம் மூளையை மானிடவியற் கழகத்தின் முன் வைத்து, முன்மூளையில் இடப்புறத்து அமைந்த சிதைவைக் காட்டினார். பேச்சாற்றலுக்கு மூளையில் தனியிடம் உண்டு என்னும் கொள்கை அன்று முதல் வலுப்பெற்றது. அம்மூளை அழியாது காக்கப்பட்டு, 2007-இல் புதிய படமுறைகளால் மீண்டும் ஆராயப்பட்டபொழுது, சிதைவு புறத்தே தோன்றியதினும் ஆழமாகச் சென்றிருந்தது என்பது தெரியவந்தது.

மூளையைப் பற்றிய இச்செய்தியைப் பலரும் அறிவர். அம்மனிதர் உயிரோடிருந்தபொழுது நிகழ்ந்ததோ அத்துணைப் பேசப்படுவதில்லை. அவர் மருத்துவமனைக்கு வந்து எத்தனை ஆண்டு ஆயிற்று என்று புரோக்கா வினவினார். லெபோர்ன் தம் கையை நான்குமுறை விரித்துக் காட்டினார். பின் ஒரு விரலைக் காட்டினார். நான்கு ஐந்து இருபது. ஒன்று கூட இருபத்தொன்று. விடை முற்றும் சரியானது. மறுநாளும் புரோக்கா அதே வினாவை வினவினார். அதே விடை வந்தது. மூன்றாம் முறை வினவியபொழுது, தம்மைச் சோதிக்கின்றனர் என்பதை உணர்ந்து அவர் சினந்தார். அச்சினத்தில் ஒரு வசைத்தொடர் அவர் வாயினின்று தெளிவாக வெளிப்பட்டது.

இச்சிறு நிகழ்ச்சியில் மூன்று உண்மைகள் அடங்கியுள்ளன. சொல் போனவிடத்தும் எண்ணும் காலமும் நினைவும் போகவில்லை என்பது ஒன்று. சினமோ வியப்போ மிக்கெழுந்தபொழுது, வேண்டி நினைத்துப் பேச இயலாதார் வாயினின்றும் பழகிய தொடர்கள் தாமே வெளிப்படும் என்பது மற்றொன்று. இதனைப் பின்னர் ஆங்கில அறிஞர் யூலிங்சு சாக்சன் விரிவாக ஆராய்ந்தார். மூன்றாவது, உண்மையாக வினவப்படுவதற்கும் சோதனைக்காக வினவப்படுவதற்கும் உள்ள வேற்றுமையை மொழியிழந்தார் நன்கு உணர்வர் என்பது. இம்மூன்றாவது உண்மை மருத்துவ நூல்களில் நெடுங்காலம் போற்றப்படவில்லை. அதனைப் போற்றியவர் அயலாரும் அறநிலையத்தாருமேயாவர்.

இழக்கப்படுவனவும் எஞ்சுவனவும்

1874-இல் கார்ல் வெர்னிக்கெ என்னும் செருமானிய மருத்துவர், தம் 26-ஆம் வயதில், வேறொரு வகை மொழியிழப்பை விளக்கினார். அதனை உற்றார் சரளமாகப் பேசுவர். ஆனால் சொற்கள் திரிந்தும் பொருளிலவாயும் வரும். பிறர் கூற்றை உணர்தலும் அவர்க்கு அரிதாகும். புரோக்கா கண்ட வகையினர்க்கோ உணர்தல் பெரிதும் நிற்கும். பேச்சு துண்டு துண்டாக வரும். வேற்றுமை உருபும் வினை விகுதியும் இடைச்சொல்லும் நழுவப் பெயர்ச்சொற்களே பெரும்பான்மையாக நிற்கும். விளங்குதற்பொருட்டு நாமே ஓர் எடுத்துக்காட்டு அமைப்பின், 'நேற்று என் மகன் என்னை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றான்' என்று சொல்லக் கருதியவர், 'மகன்... நேற்று... மருத்துவமனை' என்ற அளவில் நிற்பார். கேட்போர் உருபு விரித்துக்கொள்ளல் வேண்டும். தொகைநிலைத் தொடர் பயின்ற நமக்கு அது புதிய பணியன்று.

ரோமன் யாக்கப்சன் என்னும் மொழியறிஞர் 1941-இலும் 1956-இலும் வெளியிட்ட ஆராய்ச்சிகளில், சொல்லைத் தேர்தல், சொல்லைத் தொடுத்தல் என்னும் இருவகை ஆற்றல்களுள் ஒன்று கெட மற்றொன்று எஞ்சுதலை இவ்வகைகளிற் கண்டார். மொழியின் கட்டமைப்பு அது சிதையும்பொழுது புலனாகும் என்பது அவர் கருத்து. சிதைவும் மொழிதோறும் வேறுபடுகின்றது. அடிச்சொல் தனித்து நிற்கவல்ல மொழிகளில் விகுதி உதிர்கின்றது. அடிச்சொல் தனித்து நில்லாத மொழிகளில் ஒரு விகுதிக்கு வேறொரு விகுதி வந்து மயங்குகின்றது. மென் என்பாரும் ஒபிளர் என்பாரும் 1990-இல் வெளியிட்ட பெருந்தொகுப்பில் 14 மொழிகளின் சான்றுகள் இடம்பெற்றன. அவற்றுள் இந்தி உண்டு. திராவிட மொழி ஒன்றேனும் இல்லை. வினையடியே முன்னிலை ஏவலொருமையாகத் தனித்து நிற்பதும், வேற்றுமை உருபுகள் ஒட்டுநிலையில் அடுக்கி வருவதும் ஆகிய இயல்புடைய தமிழில் சிதைவு எவ்வாறு அமையும் என்பது விரிவாக ஆராயத்தக்கது.

ஆயினும், சிதைந்ததை எண்ணிக் கணக்கிடுவதோடு ஆராய்ச்சி நின்றுவிடின், எஞ்சியதைப் பயன்படுத்தும் வழி புலனாகாது. அவ்வழியை நாடியோர் வரலாறு இனிக் கூறப்படும்.

அயலார் துணை

1965 பிப்பிரவரியில் அமெரிக்க நடிகையார் பத்திரிசியா நீல், மூளைக் குருதிக்குழாய்கள் வெடித்தமையால் நினைவிழந்தார். அப்பொழுது அவர்க்கு வயது 39; கருவுற்றும் இருந்தார். மூன்று வாரம் கழித்து நினைவு மீண்டது. மொழியும் வலப்பக்க உறுப்புகளின் இயக்கமும் மீளவில்லை. அவர் கணவர் எழுத்தாளர் ரோவல்டு தால். இங்கிலாந்தில் பக்கிங்காம்சயர்ப் பகுதியில் கிரேட்டு மிசெண்டன் என்னும் சிற்றூரில் அவர்கள் இல்லம் இருந்தது. மருத்துவமனைப் பயிற்சி நாளில் சிறிது நேரமே கிடைக்கும். எஞ்சிய நேரமெல்லாம் நோயாளி வாளாவிருந்து சோர்வார் எனத் தால் அஞ்சினார். ஆதலின், ஊரில் உள்ள நண்பரையும் அயலாரையும் அழைத்து முறைவைத்து வரச் செய்தார். அவருள் எவரும் மருத்துவம் பயின்றவரல்லர். ஒருவர் பின் ஒருவராக வந்து, நாள்தோறும் பல மணிநேரம் உடனிருந்து படித்தும் விளையாடியும் உரையாடியும் சென்றனர். தால் கையாண்ட கண்டிப்பு மிகையானது எனக் கருதினாரும் உளர். எனினும், 1968-இல் நீல் அம்மையார் மீண்டும் திரைப்படத்தில் முதன்மைப் பாத்திரம் ஏற்று நடித்தார் என்பது வரலாறு.

அவ்வயலாருள் தலைமை ஏற்றவர் வாலெரி ஈட்டன் கிரிபித்து என்னும் அம்மையார். தாம் கற்ற பட்டறிவை அவர் 1970-இல் நூலாக்கினார். பின்னர், அறக்கழகம் ஒன்றின் துணையோடு, பயிற்சி பெற்ற தொண்டர் மொழியிழந்தார் இல்லங்களுக்குச் செல்லும் திட்டத்தைத் தொடங்கினார். அது பிரித்தானியாவின் பல பகுதிகளுக்கும் பரவிற்று. ஓர் இல்லத்தின் தேவைக்காக அயலார் கூடிய கூட்டமே அறநிலைய முறையாக வளர்ந்தது என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

டொராண்டோ நிலையம்

கனடா நாட்டு டொராண்டோ நகரின் வடபகுதியில் 1979-இல் பாட்டு அராட்டோ என்னும் அம்மையார் ஒரு நிலையம் நிறுவினார். அவர் கணவர் பக்கவாதத்தால் மொழியிழந்தவர். மருத்துவமனையில் பயிற்சிக்காலம் முடிந்தபின் இத்தகையார்க்குச் செல்லிடம் இல்லை. பயிற்சியால் இனி வளர்ச்சி இல்லை என்று கருதப்பட்ட அளவில் வீட்டுக்கு அனுப்பப்படுவர். வீட்டிலோ நண்பர் வரவு நாளடைவிற் குறைந்து நின்றுபோகும். மொழியிழப்போடு வாழவேண்டிய ஆண்டுகள் பயிற்சிக் காலத்தினும் மிகப் பல. அவ்வாண்டுகளுக்கு உதவும் இடமாக அந்நிலையம் அமைந்தது. பிற்காலத்தில் அது மொழியிழப்புக் கழகம் என்னும் பெயருடைய நிறுவனமாக விரிந்தது. உறுப்பினர் கூடும் நடுவிடம் நிறுவியவர் பெயரையே தாங்கியது.

அங்கே மொழியிழந்தார் சிறு குழுக்களாகக் கூடி உரையாடுவர். குழுவை நடத்துவோர் பயிற்சி பெற்ற தொண்டர். அவர் உறுப்பினர்க்குச் சொற்கற்பிக்கும் ஆசிரியரல்லர், உரையாடல் துணைவர். செய்தித்தாளில் வந்த நிகழ்ச்சி, தேர்தல், குடும்பம், பயணம் ஆகிய எதனைப் பற்றியும் பேச்சு நிகழும். அக்கழகத்தைச் சார்ந்த ஆரா கேகன் என்னும் பேச்சுப் பயிற்சி அறிஞர் இம்முறையை ஒழுங்குபடுத்தி 1998-இல் விரிவான கட்டுரையாக வெளியிட்டார். அதற்குத் துணைபெறும் உரையாடல் என நாம் பெயர் கூறலாம்.

அம்முறை இரு பகுதிகளை உடையது. முதலாவது, எதிரில் இருப்பார் அறிவுடையார் என்பதை ஏற்று, அவ்வேற்பை அவர்க்குப் புலப்படுத்துதல். பெரியவரோடு பேசும் குரலிலேயே பேசுதல் வேண்டும். குழந்தையோடு பேசுவதுபோற் குரலை மாற்றுதல் தவறு. சொல் வாராது அவர் தடுமாறும்பொழுது, 'உங்களுக்குத் தெரியும் என்பதை நான் அறிவேன்' என்று வெளிப்படக் கூறுதல் வேண்டும். இரண்டாவது, அவ்வறிவு வெளிப்படுதற்கு வழி அமைத்தல். இது மூன்று படிகளால் நிகழ்கின்றது. நாம் கூறுவது அவர்க்கு எட்டுமாறு செய்தல் முதற்படி: குறுந்தொடராற் பேசி, முதன்மைச் சொல்லைத் தாளில் பெரிதாக எழுதி, படம் வரைந்து, கையாற் காட்டி உணர்த்துதல். அவர் கருத்து நம்பால் வருமாறு செய்தல் இரண்டாம் படி: சுட்டிக்காட்டப் படமும் எழுதிய சொற்களும் தந்து, விடை அமையுமாறு வினவி, போதிய நேரம் காத்திருத்தல். சரிபார்த்தல் மூன்றாம் படி: 'நீங்கள் கூறுவது இது, சரிதானா?' என்று தொகுத்துக் கூறி உடன்பாடு பெறுதல்.

காலிழந்தார் மாடிப்படி ஏறமாட்டார். சாய்தளம் அமைத்தால் தம் உருளை நாற்காலியில் தாமே மேலே செல்வர். குறை அவர் காலில் இருந்தாலும், தடை நாம் கட்டிய படியில் உள்ளது. உரையாடலுக்கும் அத்தகைய சாய்தளம் வேண்டும் என்பதும், அதனை அமைப்பது மொழியுடையார் கடன் என்பதும் கேகனின் அடிப்படைக் கருத்து.

இக்கருத்து சோதிக்கவும்பட்டது. 2001-இல் வெளியான ஆராய்ச்சியில் 40 தொண்டர் இரு குழுவாகப் பிரிக்கப்பட்டனர். 20 பேர் இம்முறையில் பயிற்சி பெற்றனர். எஞ்சிய 20 பேர் மொழியிழந்தாரோடு பழகுதற்கு வாய்ப்பு மட்டும் பெற்றனர். அவர்தம் உரையாடல்கள் படம்பிடித்து மதிப்பிடப்பட்டன. பயிற்சி பெற்ற தொண்டர் சிறந்து விளங்கினர் என்பது எதிர்பார்த்ததே. வியத்தற்குரியது யாதெனின், எவ்விதப் பயிற்சியும் பெறாத மொழியிழந்தாரும், பயிற்சி பெற்ற தொண்டரோடு உரையாடியபொழுது கருத்துப் பரிமாற்றத்தில் மேம்பட்டுக் காணப்பட்டனர் என்பதே. அவர்தம் மூளையில் மாற்றம் இல்லை. எதிரில் இருந்தவர் மாறினார். அவ்வளவில் அவர்தம் அறிவு வெளிப்பட்டது. மொழி ஒருவர் தலைக்குள் அடங்கிய பொருள் மட்டுமன்று, இருவரிடையே நிகழும் செயல் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று அரிது.

வினாவும் விடையும்

இத்துணையும் கூறியவற்றை நம் இலக்கணத்தோடு இயைத்துக் காண்போம். தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் செப்பையும் வினாவையும் வழுவாமற் காத்தல் பற்றிப் பேசுகின்றார். பவணந்தியார் நன்னூற் பொதுவியலில் வினாவை ஆறாகவும் விடையை எட்டாகவும் வகுக்கின்றார். அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா என்பன வினாவகை. சுட்டு, மறை, நேர், ஏவல், வினாதல், உற்றதுரைத்தல், உறுவது கூறல், இனமொழி என்பன விடைவகை. இவற்றை மாணவர் தேர்வுக்காக நெட்டுருச் செய்து மறந்துவிடுவதே வழக்கம்.

மொழியிழந்தாரை நாம் எவ்வகை வினாவால் வினவுகின்றோம் என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். கரண்டியை எடுத்துக் காட்டி 'இஃது என்ன?' என்கின்றோம்; மகனைக் காட்டி 'இவர் யார்?' என்கின்றோம். விடை நமக்குத் தெரியும், எனினும் வினவுகின்றோம். ஆசிரியர் மாணாக்கனை வினவும் அறிவினா இது. சோதனைக்கும் பயிற்சிக்கும் இதற்கு இடமுண்டு. ஆனால், ஒருவரை நாள் முழுதும் அறிவினாவாலேயே வினவினால், அவர் என்றும் மாணாக்கராகவே நிறுத்தப்படுகின்றார். லெபோர்ன் முதன்முறை வினவப்பட்டபொழுது அஃது அறியாவினாவாகத் தோன்றிற்று. விரலால் விடை தந்தார். மூன்றாம் முறை அஃது அறிவினாவே என்பது வெளிப்பட்டது, வெகுண்டார். வெகுளி என்னும் மெய்ப்பாடே அவர்தம் விடையாயிற்று.

இனி, 'என்ன வேண்டும்?', 'எங்கே போகவேண்டும்?' என்னும் அறியாவினாக்கள் மதிப்புக் குறைவில்லாதவை. எனினும், அவற்றுக்கு விடை கூறச் சொல் வேண்டும்; அச்சொல்லே இல்லை. இவ்விடத்தில்தான் உரையாடல் துணைவரின் திறம் தேவைப்படுகின்றது. அவர் அறியாவினாவை ஐயவினாவாக மாற்றுகின்றார். 'எங்கே போகவேண்டும்?' என்பது, 'வீட்டுக்கா, வெளியிலா?' எனவும், பின் 'மகள் வீட்டுக்கா, கோயிலுக்கா?' எனவும் படிப்படியாகச் சுருங்குகின்றது. இரண்டு சொற்களும் தாளில் எழுதப்படுகின்றன. 'இவை இரண்டும் அல்ல' என்பதற்கும் ஓரிடம் விடப்படுகின்றது. இம்மூன்றாம் இடம் இன்றியமையாதது. அஃது இல்லாவிடின், வினவுவார் கருதியதையே விடையாகத் திணித்தல் நேரும்.

விடைவகையில் சுட்டு, மறை, நேர் என்னும் மூன்றும் முன்வைக்கப்பட்டுள்ளன. இவை வினாவுக்கு நேராக இறுக்கும் செவ்வன் இறை. எஞ்சிய ஐந்தும் வினாவிய பொருளைக் குறிப்பால் தருதலின் விடையாக ஏற்றுக்கொள்ளப்பட்டவை. மொழியிழப்பை மனத்திற்கொண்டு இப்பாகுபாட்டை மீண்டும் நோக்கினால் ஓர் உண்மை புலனாகின்றது. செவ்வன் இறையாகிய மூன்றும் சொல்லின்றியே நிகழக்கூடியவை. சுட்டு விரலால் நிகழும். மறையும் நேரும் தலையசைப்பால் நிகழும். உற்றதுரைத்தற்கும் உறுவது கூறற்கும் தொடர் வேண்டும். இனமொழிக்கு வேறொரு சொல்லைத் தேடல் வேண்டும். இலக்கண நூலார் மொழியிழந்தாரைக் கருதி இதனை வகுத்தாரல்லர். ஆயினும், எவ்விடை நேரிது என்று அவர் கண்டனரோ, அவ்விடையே சொல்லிழந்தபின்னும் மனிதர்க்கு எஞ்சி நிற்கின்றது. டொராண்டோத் தொண்டர் பயிலும் முறையை ஒரு தொடரால் தமிழில் கூறவேண்டின், மூவகை விடையால் நிறைவேறுமாறு வினவக் கற்றல் என்று கூறிவிடலாம்.

தமிழில் எழும் இடர்கள்

பிறமொழியில் உருவான முறையைத் தமிழிற் கொணரும்பொழுது, சொற்களை மட்டும் மாற்றியமைத்தல் போதாது. ஆங்கிலத்தில் நேர்விடைக்கு ஒரு சொல், மறைவிடைக்கு ஒரு சொல் என இரண்டு அட்டைகள் எழுதிவைத்தால் பெரும்பாலும் போதும். தமிழிலோ மறுப்பு ஒரு சொல்லில் அடங்குவதில்லை. 'மகன் வந்தானா?' என்பதற்கு 'இல்லை'. 'இவர் உம் மகனா?' என்பதற்குப் பேச்சில் 'இல்லை', எழுத்தில் 'அல்லர்', 'பால் வேண்டுமா?' என்பதற்கு 'வேண்டா', 'வருவீரா?' என்பதற்கு 'மாட்டேன்', 'நடக்க முடியுமா?' என்பதற்கு 'முடியாது'. உடன்பாட்டிலும் 'ஆம்' என்னும் சொல் பேச்சில் எங்கும் வருவதன்று. 'சாப்பிட்டீர்களா?' எனின், வினாவில் வந்த வினையையே எடுத்துத் தன்மை விகுதி மாற்றி 'சாப்பிட்டேன்' என்பதே இயல்பு. விகுதியை இழந்தார்க்கு இவ்வியல்பான நேர்விடையே அரிதாகிவிடுகின்றது. ஆகவே, அட்டையில் எச்சொல்லை எழுதுவது, எவ்வினாவை எவ்வாறு அமைத்தால் ஒரே இணைச்சொற்கள் போதுமானவையாகும் என்பன தமிழ் கற்றார் ஆராய்ந்து கூறவேண்டியவை.

தலையசைப்பிலும் இடர் உண்டு. நம்மவர் உடன்பாட்டுக்குத் தலையைப் பக்கவாட்டில் சாய்த்தாட்டுவர். மறுப்புக்கும் பக்கவாட்டிலேயே திருப்புவர். உறுப்புத் தளர்ந்தவிடத்து இவ்விரண்டும் மயங்குதல் எளிது. மேலும், நேர்வினாவைக் குறிக்கும் ஆகாரம் தொடரிறுதியில் சிற்றொலியாக நிற்கின்றது. கேட்டுணர்தல் தளர்ந்தார்க்கு வினாவும் கூற்றும் வேறுபாடின்றித் தோன்றலாம். முகத்தாலும் கையாலும் வினாவைப் புலப்படுத்தல் இங்குத் தேவையாகின்றது.

எழுத்து வழக்குக்கும் பேச்சு வழக்குக்கும் இடையே நிற்கும் தொலைவு மூன்றாவது இடர். தாளில் எழுதும் சொல் நூல்வழக்கினதாக இருப்பின் வீட்டில் வழங்கும் சொல்லாக அவர்க்குத் தோன்றாது. பேச்சு வடிவில் எழுதினால் கண்ணுக்குப் பழக்கமில்லாததாக இருக்கும். எதனை மேற்கொள்வது என்பது அவரவர் கல்விக்கும் பழக்கத்துக்கும் ஏற்ப அமையும். விளிமுறையும் கருதத்தக்கது. வாழ்நாளெல்லாம் 'ஐயா' என்றும் 'அம்மா' என்றும் விளிக்கப்பட்டவரை, நோயுற்றபின் குழந்தையை விளிப்பதுபோல் விளித்தலும், அவர் எதிரிலேயே படர்க்கையில் வைத்துப் பேசுதலும் பலவிடத்துக் காணப்படுகின்றன. முன்னிலையில் இருப்பாரைப் படர்க்கையாக்குதல் இடவழுவென நூலார் கடிவர். இவ்விடத்தில் அஃது அறவழுவும் ஆகும்.

முறையின் எல்லை

இம்முறை எல்லார்க்கும் எக்காலத்தும் பயன்படும் என்று கூறுதல் மிகையாகும். கேட்டுணர்தல் மிகக் கெட்டார்க்கு ஐயவினாவும் விளங்காது. படமும் பொருளும் கொண்டே தொடங்குதல் வேண்டும். நேர்விடை கருதியவர் வாயில் மறைச்சொல் வந்துவிடுதலும் உண்டு. அதனாலேயே சரிபார்க்கும் படி இன்றியமையாதது. ஒரே பொருளை உடன்பாட்டிலும் மறுதலையிலும் வினவி, இரு விடையும் ஒத்துவருகின்றனவா என்று காணலாம். அவ்வாறு வினவுதற்குரிய காரணத்தையும் அவர்க்குக் கூறிவிடல் வேண்டும். இல்லையேல் லெபோர்ன் உற்ற வெகுளியே விளையும். சிலர்க்கு மொழியோடு நினைவும் கவனமும் தளர்ந்திருத்தல் கூடும். அதனை மருத்துவர் ஆராய்ந்து கூறல் வேண்டும். ஆனால், ஆராயுமுன்னரே அறிவில்லை எனத் தீர்த்துவிடுதற்கு எவர்க்கும் உரிமை இல்லை.

பயிற்சி மருத்துவத்துக்கு இது மாற்றாகவும் கருதப்படலாகாது. பாடலின் இசைவழியே சொல்லை மீட்கும் பயிற்சி 1973-இல் வெளியிடப்பட்டது. பிற பயிற்சிகளும் பல உள. அவை மொழியை மீட்க முயல்வன. உரையாடல் துணையோ, மொழி மீளும் வரையிலும், மீளாதாயின் வாழ்நாள் முழுதும், அம்மனிதர் மனிதருள் ஒருவராக இருத்தற்கு வழி செய்வது.

முடிவுரை

மேற்கூறியவற்றான், மொழியிழந்தாரிடத்து அறிவு எஞ்சி நிற்கின்றது என்பதும், அஃது வெளிப்படாமை கேட்பார் குறையாகவும் இருக்கலாம் என்பதும், வினாவின் வடிவை மாற்றுதலால் அக்குறை பெரிதும் நீங்கும் என்பதும் விளங்கும். கிரேட்டு மிசெண்டன் சிற்றூர் அயலாரும் டொராண்டோ நிலையத்துத் தொண்டரும் பெரும்பாலும் மருத்துவம் கற்றவரல்லர். அவர் செய்ததெல்லாம் நேரம் ஒதுக்கி, எதிரில் அமர்ந்து, விடை பெறுமாறு வினவியதே. அத்தகைய பணிக்குப் பெருஞ்செல்வமோ பெருங்கட்டடமோ முதற்றேவையன்று. தாளும் எழுதுகோலும் பொறுமையும் உடையார் நால்வர் ஓர் ஊரில் கூடினால் தொடங்கலாம்.

தமிழ்த்துறைகள் இதில் ஆற்றத்தக்க பணி உண்டு. பேச்சுத் தமிழில் நேர்விடையும் மறைவிடையும் நிகழும் வகைகளைத் தொகுத்தல், வட்டார வழக்கிற்கேற்ற எளிய சொற்களையும் படங்களையும் கொண்ட சிறுநூல்களை அமைத்தல், மொழியிழந்த தமிழரின் பேச்சில் உருபும் விகுதியும் படும் பாட்டை அவர்தம் இசைவு பெற்றுப் பதிவு செய்து ஆராய்தல் ஆகியவை முதுகலை மாணவர்க்கு ஏற்ற ஆராய்ச்சிப் பொருள்களாம். மருத்துவரும் பேச்சுப் பயிற்சியாளரும் தமிழாசிரியரும் கூடிச் செய்யின் இவை எளிதின் முற்றும்.

வினா ஆறு, விடை எட்டு என்று வகுப்பில் நாம் கூறும்பொழுது, அவற்றுள் மூன்று விடையை மட்டுமே உடைமையாகக் கொண்டு, தக்க வினாவை எதிர்நோக்கியிருப்பார் சிலர் ஒவ்வோர் ஊரிலும் உளர் என்பதை மாணவர்க்கு உடன் கூறுதல் நன்று. அவரிடம் செல்வார் அறிவினாவோடு செல்லாதிருப்பாராக.